துடக்கோடு ஏறிய மலை

பேபி என்பது செல்லப்பெயர் அல்ல. பிறப்புப் பத்திரத்திலும் அதுதான், கனடியப் பாஸ்போட்டிலும் அதுதான். கிளினிக்கில் "பேபி" என்று கூப்பிட்டால், குந்தியிருக்கும் சனமெல்லாம் கைக்குழந்தையோடு ஒரு தாய் எழும்புவாள் என்று பார்க்கும். எழும்புவது அறுபத்தாறு வயது மனுசி, கையில் ஊன்றுகோலோடு. சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று அவள் பாட்டுக்கு நடந்து போவாள்.

விமானநிலையத்துக்குப் பக்கத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் குசினி ஒன்றில் பேபிக்குப் பத்தொன்பது வருட வேலை. தட்டில் ஒரு பணிஸ், ஒரு வெண்ணெய்க் கட்டி, ஒரு கரண்டி, அடுத்த தட்டு. சீமெந்துத் தரையில் எட்டு மணித்தியாலம் நின்றபடி உலகத்து ஊர்களுக்கெல்லாம் சோறு அனுப்பினாள். அவள் அடுக்கிய தட்டுகள் தோக்கியோவுக்கும் பிராங்போட்டுக்கும் போய் வந்தன. அவள் வேலைக்கும் வீட்டுக்கும் போய் வந்தாள். ஓய்வெடுத்த அன்றைக்கு ஒரு கேக் வெட்டினார்கள். கேக் அன்றைக்கே முடிந்தது. தேய்ந்துபோன இரண்டு முழங்கால்களும்தான் அவளோடு வீட்டுக்கு வந்தன.

இரண்டு வருடத்துக்கு முன் இடது முழங்காலை மாற்றினார்கள். அதற்குப் பிறகு வாரத்துக்கு இரண்டு நாள் பயிற்சி. பயிற்சி கொடுத்த லெஸ்லி, நாலு படி உள்ள ஒரு மரப்பெட்டியைக் காட்டி, ஏறு, இறங்கு, ஏறு, இறங்கு என்பாள். சுவரில் சத்தமில்லாமல் ஒரு ரிவி ஓடும். ஒருநாள் அதில் யப்பானின் ஏதோ நாட்டுப்புறத்தைக் காட்டினார்கள். மூங்கில் காடு, மழைத்தூறல், பாசி பிடித்த கல்லுப்படி. அந்தப் படியில் வெள்ளை மேலங்கி போட்ட கிழவர்களும் கிழவிகளும் தடி ஊன்றி ஏறிக்கொண்டிருந்தார்கள். பேபியைவிட மூத்தவர்கள். ஒருவரும் லிப்ட் எங்கே என்று கேட்கவில்லை.

பேபி கேட்டதற்காக லெஸ்லி தன் போனில் தேடிப் பார்த்துச் சொன்னாள். ஊர் சிக்கோக்கு என்ற தீவு. அதைச் சுற்றி எண்பத்தெட்டுப் பழங்கோயில்கள்; நூற்றாண்டுக் கணக்காகச் சனம் அவற்றை நடந்து சுற்றுகிறது. அந்தத் தீவிலேயே கொத்தோஹிரா என்ற இடத்தில் ஒரு மலைக்கோயில். பெரிய சன்னிதிக்கு எழுநூற்று எண்பத்தைந்து படி. பேபி நாலாவது படியில் நின்றபடி எழுநூற்று எண்பத்தைந்தை நினைத்துப் பார்த்தாள். நான் அதில் ஏறுவேன் என்று தனக்குத் தெரிந்த இங்கிலிசில் சொன்னாள். லெஸ்லி, முதலில் இதிலிருந்து இறங்கு என்றாள்.

வீட்டில் சொன்னபோது ஆளுக்கொரு காரணம் கேட்டார்கள். நேர்த்திக்கடனா? கனவு ஏதும் கண்டாயா? மகள் சுபாங்கிக்கு இரண்டாவது பிள்ளை வேண்டும் என்றா? ஒன்றுமில்லை, ஏற ஆசை, அவ்வளவுதான் என்றாள் பேபி. நம்மவர்களுக்கு ஆசை ஒரு காரணம் அல்ல. ஒரு பெண் தன் பாட்டுக்கு ஒரு மலையில் ஏற ஆசைப்பட்டாள் என்பதை நம்புவதைவிட, அவளுக்குச் சாமி கனவில் வந்தது என்பதை நம்புவது நமக்குச் சுகம். பொய்க்கு ஒரு நேர்த்தியைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே எல்லோரும் விபூதி பூசி அனுப்பியிருப்பார்கள். பேபி அதைச் சொல்ல மறுத்துவிட்டாள்.

ஸ்காபரோவின் ரூஜ் பகுதியில் இருந்த அந்த வீட்டில் அவளை எதிர்த்து முதலில் வாய் திறந்தவர் மச்சாள். மனோரஞ்சிதம், பேபியின் கணவர் ஸ்ரீதரனின் மூத்த அக்கா. கலியாணம் பேசி, குறிப்புப் பொருந்தி, நாட்டில் யுத்தம் வந்து, மாப்பிள்ளை எங்கோ போய், அப்படியே தனித்து நின்றுவிட்டவர். கனடாவுக்கு வந்த நாளிலிருந்து இருபத்தேழு வருடம் தம்பியின் வீடுதான் அவர் வீடு.

"முழங்காலை மாத்தேக்கை மூளையையும் மாத்திப்போட்டாங்களோ?" என்றார் மச்சாள். "றிச்மண்ட் ஹில் பிள்ளையாரிட்டைக் காரிலை போய் இறங்கவே நீ முக்கிமுனகிறாய். உனக்கு யப்பானிலை என்ன கோயில்?"

மச்சாளோடு வாதாடுவது லேசான காரியம் இல்லை. சாத்திர சம்பிரதாயத்தில், விசேடமாகத் துடக்கு தீட்டு விசயத்தில், அவர் சொன்னால் ஸ்காபரோவில் மறுபேச்சுக் கிடையாது. வீட்டில் ஒரு சாவு விழுந்தால் அந்தக் குடும்பத்துக்கு முப்பத்தொரு நாள் துடக்கு. அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை கோயில் வாசல் மிதிக்கக் கூடாது, மச்சம் மாமிசம் கூடாது. இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கட்டிக்கொடுத்த பெட்டை செத்தால் எத்தனை நாள், ஒன்றுவிட்ட சித்தப்பாவுக்கு எத்தனை நாள், சாவுத் துடக்குக்குள் பிள்ளை பிறந்தால் எதை எதில் கழிப்பது என்பதெல்லாம் மச்சாளுக்குத்தான் தெரியும். பரிசிலிருந்தும் லண்டனிலிருந்தும் போன் வரும். மச்சாள் கதிரையில் இருந்தபடி விரலை மடித்து நாள் சொல்லுவார். ஐயர்மார் சொன்னதைச் சரிதானா என்று அவரிடம் கேட்டவர்களும் உண்டு.

அவருடைய கால்கள் பேபியின் கால்களைவிட மோசம். கத்தி வைக்க விடமாட்டேன் என்று ஒரே பிடி. கீழ்த்தளத்தில் சாப்பாட்டறையை மறித்துக் கட்டிய அறையில் இருந்தார். தான் வாழும் வீட்டின் மேல்மாடியை ஒன்பது வருடமாக அவர் கண்டதில்லை. பேபி வீட்டுப் படியில் பயிற்சி எடுக்கத் தொடங்கியபோது, மச்சாள் கதிரையை இழுத்துக்கொண்டு வந்து படியின் கீழே இருந்து எண்ணினார். பதினொன்று, காலை இழுக்காதே, பன்னிரண்டு, கைபிடியை விடு. இதைப் பயிற்சி என்று சொன்னால் சண்டைக்கு வருவார். விசரியை வேடிக்கை பார்க்கிறேன் என்பதுதான் அவர் சொன்ன கதை.

வீட்டுப் படி பதினாலு போதாது. முந்திக் கூட வேலைசெய்த ஒருத்தி மார்க்கம் வீதியில் ஒரு மாடிக் கட்டடத்தில் இருந்தாள். லிப்டில் பதினாலாம் மாடி என்று இருக்கும், உண்மையில் அது பதின்மூன்றாவது. பதின்மூன்று ராசியில்லை என்று வெள்ளைக்காரன் அந்த இலக்கத்தையே விட்டுவிட்டுக் கட்டியிருந்தான். நம்முடைய ராகுகாலத்துக்குச் சிரிக்கிறவர்கள் இதையும் ஒருக்கால் பார்க்கலாம். அந்தக் கட்டடத்தின் தீயணைப்புப் படிகளில் பேபி கிழமைக்கு மூன்று நாள் ஏறினாள். குப்பை மணமும் ஆரோ பொரிக்கும் மீன் மணமும் கலந்த படிகள். முதல் மாதம் நாலாம் மாடி. ஆறு மாதத்தில் உச்சி. ஒன்றரை வருடத்தில் கீழிருந்து மேலே நாலு தரம். ஏறுவது பரவாயில்லை, இறங்குவதுதான் முழங்காலைத் தின்னும் என்று லெஸ்லி சொல்லியிருந்ததால் ஒவ்வொரு தரமும் லிப்டில் கீழே வந்து மறுபடி தொடங்கினாள். யப்பான் மலையில் எப்படி இறங்குவாய் என்று கேட்டவர்களுக்கு, ஏறினால்தானே இறங்கும் கவலை என்றாள்.

பிறகு டொக்டர் வலது முழங்காலையும் பார்த்துவிட்டு, வருகிற மார்ச்சில் அதையும் மாற்ற நாள் குறித்தார். இனிமேல் தள்ளிப்போட இடமில்லை. டவுன்ரவுனில் ஒரு சுற்றுலாக் கந்தோர், ஒன்பது பேரைச் சேர்த்து நவம்பரில் பன்னிரண்டு நாள் சிக்கோக்குவுக்குக் கூட்டிப்போனது. பேபி பதிந்தாள். மற்ற எட்டுப் பேரில் தமிழர் ஒருவரும் இல்லை. அது ஒரு வகையில் நிம்மதி என்று அவள் நினைத்தாள்.

புறப்படப் பத்து நாள் இருக்கும்போது மச்சாள் செத்துப்போனார்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம். பேபி மாடிப்படி ஏறிவிட்டு வந்தபோது மச்சாள் கதிரையில் சரிந்திருந்தார். பக்கத்தில் தேத்தண்ணி ஆறிக் கிடந்தது. ஸ்ரீதரன் முற்றத்தில் விழுந்த மேப்பிள் இலைகளைக் கூட்டிக்கொண்டு நின்றார். உள்ளே நடந்தது அவருக்குத் தெரியாது. நித்திரை என்று நினைத்துத் தோளில் தொட்ட பேபி, அப்படியே நிலத்தில் இருந்து குழறி அழுதாள். ஒரு வீட்டுக்குள் இருபத்தேழு வருடம் சண்டை பிடித்த இரண்டு பெண்களில் ஒருத்தி போனால், மற்றவளுக்குப் பாதி வாழ்க்கை போனமாதிரி. நான் வீட்டில் நின்றிருந்தால் என்ற நினைப்பு அவளை விடவில்லை. நின்றிருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அது மனதுக்கு ஏறவில்லை.

கலியாணம் கட்டாத அக்கா தம்பியின் குடும்பத்துக்குத்தான் சேர்த்தி. ஆகவே முழுத் துடக்கு, முப்பத்தொரு நாள். பயணம் பதினோராம் நாள்.

எரித்துவிட்டு வந்த அன்றைக்கே கதை தொடங்கிவிட்டது. எட்டாம் நாள் எட்டுச் செலவன்று, செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைத்த பிறகு, கூடத்தில் ஒரு பட்டிமன்றமே நடந்தது. பரிசிலிருந்து போனில் ஒருத்தி, அது புத்தகோயில்தானே, எங்களுக்குச் சேராது, போகலாம் என்றாள். சேராத கோயில் என்றால் பிறகு போவானேன் என்றது லண்டன். கடல் கடந்தால் துடக்கு இல்லை என்று அஜக்சிலிருந்து வந்த ஒருவர் ஒரு சட்டம் கொண்டுவந்தார். அப்படியென்றால் ஊரில் செத்தவர்களுக்கு நாங்கள் இங்கே இருந்து இவ்வளவு காலமும் ஏன் துடக்குக் காத்தோம் என்று வேறொருவர் கேட்க, அவர் இன்னொரு வடையை எடுத்துக் கடித்தார். ஐயருக்குப் போன் போட்டார்கள். துடக்கோடு கோயிலுக்குப் போகக் கூடாது, ஆனால் அந்தக் கோயில்களைப் பற்றிச் சொல்ல எனக்கு உரித்து இல்லை என்று அவர் வழுவிக்கொண்டார். கேட்க வேண்டிய ஒரே ஆளைத்தான் எரித்துவிட்டு வந்திருந்தார்கள்.

பேபிக்கு யாரையும் கேட்கத் தேவையிருக்கவில்லை. மச்சாள் என்ன சொல்லுவார் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். கோயில் எண்டால் கோயில்தான். முப்பத்தொண்டு எண்டால் முப்பத்தொண்டுதான். இருக்கும்வரை வாயால் மறித்தார், இப்போது செத்தும் மறிக்கிறார் என்று பேபிக்கு உண்மையாகவே கோபம் வந்தது. கோபம் வந்ததற்காகப் பிறகு அழுதாள். மாடிப்படி ஏறப் போவதை மட்டும் நிறுத்தவில்லை. துடக்கு வீட்டுக்காரி இப்படி விறுவிறு என்று வெளிக்கிட்டுப் போகிறாளே என்று தெரு முழுக்கக் கதைத்தது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

ஸ்ரீதரன் மட்டும் இந்தப் பட்டிமன்றத்தில் சேரவில்லை. பாடசாலை பஸ் ஓட்டி ஓய்ந்த மனிதர், அதிகம் பேச மாட்டார். ஒன்பதாம் நாள் காலையில், பேபி தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு, உங்கடை மனசிலை என்ன என்று நேரே கேட்டாள்.

"துடக்கு எண்டெல்லாம் நான் பாக்கேல்லை," என்றார் அவர். "நீரும் போனால் நான் இந்த வீட்டிலை ஆரோடை இருக்கிறது? இருபத்தேழு வரியமா அக்கா இல்லாத வீட்டிலை நான் இருந்ததில்லை."

பேபி பக்கத்தில் இருந்தாள். அவருக்கு வயது எழுபது. பன்னிரண்டு நாள் அஜக்சில் மகள் சுபாங்கியோடு போய் நிற்கச் சொன்னாள். அவர் தலையாட்டவில்லை. மார்ச்சில் மற்ற முழங்காலையும் மாற்றினால், அதற்குப் பிறகு தேறி ஏறுவதற்கு வயது விடாது என்று சொன்னாள். அதற்கு மட்டும், தெரியும் என்றார்.

அன்று மத்தியானம் பேபி மகளைக் கூப்பிட்டு ஒரு ஈமெயில் எழுதச் சொன்னாள். சிக்கோக்குவில் இவர்களைக் கூட்டித் திரியப் போகிற வழிகாட்டி ஹருமி என்ற பெண்; அந்தத் தீவின் ககாவாப் பகுதிக்காரி. அவளுக்கு உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும்: எங்கள் வீட்டில் சாவு, எங்களுக்கு முப்பத்தொரு நாள் கோயில் இல்லை, உங்கள் ஊர் வழக்கத்தில் நான் வரலாமோ, கூடாதோ?

சுபாங்கி இங்கே பிறந்து வளர்ந்தவள். "அம்மா, வை வுட் யூ ஈவின் ஆஸ்க்? அங்கை ஆருக்குத் தெரியப்போகுது?"

"ஒருத்தருக்கும் தெரியாதுதான். அதுக்காகக் கோயிலுக்குள்ளை களவாப் போறதே?" என்றாள் பேபி. "நான் ஏறினால் நேர எல்லாரும் பாக்க ஏறுவன். நீ எழுது."

அடுத்த நாள் காலையில் பதில் வந்தது. ஹருமி நீளமாக எழுதியிருந்தாள். முதலில் துக்கம் விசாரித்திருந்தாள். பிறகு விசயம். எங்களிடமும் இந்த வழக்கம் இருக்கிறது. இங்கே இரண்டு வகைக் கோயில். புத்தருடைய கோயில்களுக்குத் துக்க வீட்டுக்காரர் தாராளமாக வரலாம். செத்தவர்களுக்கு வேண்டியதெல்லாம் அங்கேதான் செய்வோம். ஆனால் எங்கள் பழைய தெய்வங்களின் சன்னிதிகளுக்கு, சாவு விழுந்த வீட்டார் ஐம்பது நாள் வரமாட்டார்கள், வாசலில் நிற்கும் தோரண வளைவுக்குக் கீழாலும் போகமாட்டார்கள். வெளிநாட்டுக்காரரை ஒருவரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் நீங்கள் கேட்டபடியால் சொல்கிறேன்: நீங்கள் ஏற ஆசைப்பட்ட எழுநூற்று எண்பத்தைந்து படி, சன்னிதி வகையைச் சேர்ந்தது.

சுபாங்கி வாசித்துச் சொல்லச் சொல்ல பேபியின் முகம் செத்துப்போனது. இரண்டு வருடம், பதினாலு என்று பொய் சொல்லும் அந்தப் பதின்மூன்று மாடி, முழுக்க முழுக்க அந்த ஒரு மலைக்காக. ஸ்காபரோவையும் லண்டனையும் பரிசையும் எதிர்த்து நின்றவளை, யப்பான்காரியே வாசலில் மறித்துவிட்டாள். அதுவும் முப்பத்தொன்று இல்லை, ஐம்பது.

ஸ்ரீதரனுக்கு, பத்து நாளில் முதல்தரமாகச் சிரிப்பு வந்தது. "பாத்தீரே, அக்கான்ரை சட்டம் யப்பானிலையும் செல்லும்," என்றார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழத் தொடங்கிவிட்டார்.

கடிதத்தில் இன்னும் ஒரு பந்தி இருந்தது. கொத்தோஹிராவுக்குப் பக்கத்தில் இயதானிஜி என்று ஒரு புத்தகோயில், எண்பத்தெட்டில் எழுபத்தோராவது. ஐந்நூற்று நாற்பது படி. செத்தவர்களின் ஆவி போய்ச் சேரும் மலை அது என்று எங்கள் பகுதிச் சனம் நம்பியது. சாவு நடந்த சில நாளில், வீட்டார் ஒருவர் செத்தவரைக் கூப்பிட்டு, பிள்ளையைச் சுமப்பதுபோல முதுகில் சுமந்துகொண்டு போய் அந்த மலையில் விட்டுவிட்டு வருவது பழைய வழக்கம். உங்களுக்கு விருப்பமென்றால், கொத்தோஹிராவுக்கு அடுத்த நாள் உங்களை அங்கே கூட்டிப்போகிறேன்.

சுபாங்கி அந்தப் பந்தியை இரண்டாந்தரமும் வாசித்தாள். பிறகு ஸ்ரீதரன், "ஒன்பது வரியமா அக்கா இந்த வீட்டு மேல்மாடியைக் காணேல்லை," என்றார். எழும்பி மேலே போய் பேபியின் சூட்கேசை இறக்கிக்கொண்டு வந்து கூடத்தில் வைத்தார்.

பதினோராம் நாள் பேபி விமானம் ஏறினாள். அவள் ஒருகாலத்தில் அடுக்கிய மாதிரித் தட்டு ஒன்று அவள் முன்னால் வந்தது. கரண்டி தலைகீழாக வைக்கப்பட்டிருந்தது. இப்போது வேலைசெய்கிறவர்களுக்குக் கவனம் இல்லை என்று அவளுக்கு எரிச்சல் வந்தது.

சிக்கோக்குவில் முதல் நாட்கள் நல்ல வெய்யில். தகமட்சுவில் ஒரு பெரிய தோட்டம் பார்த்தார்கள். ஒவ்வொரு பைன் மரத்தையும் பிள்ளைக்குத் தலை வாரி இழுத்துவிட்டதுபோல வைத்திருந்தார்கள். இயா பள்ளத்தாக்கில் காட்டுக்கொடியால் பின்னிய தொங்குபாலம். இடைவெளிக்குள்ளால் கீழே ஆறு தெரிந்தது. கூட வந்த நெட்டை மனிதர் ஒருவர் பாதியில் திரும்பிவிட்டார். பேபி கடந்தாள். செந்த்சூஜி என்ற பெரிய கோயிலில் ஐந்தடுக்குக் கோபுரத்துக்குப் பக்கத்தில், பத்துப்பேர் கைகோத்தாலும் பிடிக்க முடியாத ஒரு மரம். ஹருமி ஒரு உதிர்ந்த இலையைக் கசக்கிக் கொடுத்தாள். கற்பூரம் மணத்தது. அறுபத்தாறு வருடமாகக் கற்பூரம் கொளுத்துகிறவளுக்கு, அது ஒரு மரத்தில் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. சாப்பாடுதான் கரைச்சல். எல்லாச் சூப்பிலும் மீன். துடக்குக்காரி மீன் தின்னக் கூடாது. ஹருமி கடை கடையாகப் பேசி, வெறும் கோதுமை நூடில்சை அவித்து சோயா சோசோடு வாங்கிக் கொடுத்தாள். பேபி அதற்கு மேல் கொண்டுபோன மிளகாய்த்தூளைத் தூவிக்கொண்டாள்.

துடக்கின் பதினாறாம் நாள் கொத்தோஹிரா. இரண்டு பக்கமும் கடைகள், நடுவில் கல்லுப்படி, மேலே போய்க் காட்டுக்குள் மறைகிறது. ரிவியில் கண்டது அப்படியே. ஹருமியும் மற்ற எட்டுப் பேரும் ஏறினார்கள். பேபி கீழே ஒரு கடையின் முன்னால் கிடந்த மர வாங்கில் குந்தினாள். அவளைப் பார்க்க அங்கே ஒருவரும் இல்லை. கால் தானாகவே எழும்பப் பார்த்தது. எண்பது வயதுக் கிழவி ஒருத்தி முன்னால் ஏறிப் போனபோது, போய்விடலாமா என்று ஒருக்கால் எழும்பியும் நின்றாள். பிறகு இருந்தாள். கேட்டுவிட்டுப் பிறகு மீறுவதென்றால் கேட்டிருக்கவே கூடாது. இரண்டரை மணித்தியாலம் அந்த வாங்கிலேயே இருந்து பச்சைத் தேத்தண்ணி குடித்தாள். அவள் வாழ்க்கையில் செய்த கஷ்டமான வேலைகளில் அந்த இருப்பும் ஒன்று.

அடுத்த நாள் தூறல். மற்றவர்கள் ஹோட்டலில் நின்றுவிட, ஹருமி அவளை மட்டும் இயதானிஜிக்குக் கூட்டிப்போனாள். அடிவாரத்தில் ஒரு சனமும் இல்லை. படியின் தொடக்கத்தில் பேபி தடியைச் சுவரில் சாத்தினாள். மச்சாள் எங்கே நிற்பாரோ தெரியாது. சாம்பல் ரூஜ் வீட்டில் இருந்தது. ஆனால் எங்கே நின்றாலும் கூப்பிட்டால் வருவார், ஏசிக்கொண்டாவது வருவார். பேபி குனிந்து, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்தாள்.

"மச்சாள், ஏறுங்கோ," என்றாள்.

பிறகு ஒரு கையை மட்டும் விடுவித்துத் தடியை எடுத்தாள். ஒரு கை முதுகில், ஒரு கை தடியில். நூறு படிக்குள் மூச்சு வாங்கியது. மாடிப்படியில் குளிர் இல்லை, மழை இல்லை, படிகள் ஒரே அளவு. இங்கே ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு உயரம். இருநூறில் வலது முழங்கால் கொதித்தது. வழியில் சிவப்பு இரும்புப் படி ஒன்று செங்குத்தாக நின்றது, நூற்றெட்டு. அதில் ஒவ்வொரு பத்துக்கும் நின்றாள். முதுகிலிருந்து கையை எடுத்து, இரண்டு கையாலும் கைபிடியைப் பிடித்து ஏறச் சொல்லி ஹருமி கெஞ்சினாள். கையை எடுத்தால் அவ விழுந்துபோவா என்றாள் பேபி. அதை அவள் பகிடிக்குச் சொல்லவில்லை. தட்டு அடுக்கியபோது கடைசி மணித்தியாலத்தை எப்படிக் கடத்துவாளோ அப்படி, அடுத்தது, அடுத்தது என்று மட்டும் நினைத்து ஏறினாள். ஐந்நூற்று நாற்பது முடிந்தபோது அவளுக்கு முன்னால் படி இருக்கவில்லை, ஒரு பழைய மண்டபம் இருந்தது. பேபி மழையில் நின்று சத்தம் போட்டு அழுதாள். இரண்டு வருடம் ஆசைப்பட்டது வேறு மலை. ஆனாலும் அவள் ஏறிவிட்டாள்.

ஹருமி அவளைக் கொஞ்சம் கீழே, பாறையடியில் தண்ணீர் ஊறும் இடத்துக்குக் கூட்டிவந்தாள். பாறை முழுக்க ஆரோ காலங்காலமாகச் செதுக்கிய உருவங்கள், மழையும் வயதும் பாதி முகத்தைத் தின்றிருந்தன. பச்சை இலைக்கொத்து ஒன்றால் தண்ணீர் தெளிக்கக் காட்டிக்கொடுத்தாள். பேபி தெளித்தாள். இனி அவரை இங்கே இறக்கிவிட வேண்டும், திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும் என்று ஹருமி மெல்லச் சொன்னாள்.

பேபி கையை எடுக்கவில்லை. சுற்றிப் பார்த்தாள். குளிர். ஈரம். ஒரு சொல் தமிழ் தெரியாத மலை. மீன் போடாத ஒரு சோறு தேடி அலைய வேண்டிய ஊர். அதற்கும் மேல், அந்தியேட்டி முடியவில்லை. அது முடியாமல் ஒரு சீவனை வீட்டிலிருந்து அனுப்பக் கூடாது. முப்பத்தோராம் நாள் தம்பி செய்ய வேண்டிய கடமை அது. மச்சாள் இருந்திருந்தால், பதினேழாம் நாள் ஆரடி விட்டிட்டு வந்தது என்று கேட்டிருப்பார்.

மன்னித்துக்கொள், எங்கள் கணக்கில் இன்னும் நாள் இருக்கிறது என்று ஹருமிக்கு இங்கிலிசில் சொன்னாள். ஹருமி அவளைப் பார்த்தாள், பாறையைப் பார்த்தாள், பிறகு தலையைத் தாழ்த்திக் குடையை விரித்துப் பிடித்தாள்.

கீழே ஐந்நூற்றுச் சொச்சம் படி இருந்தது. லிப்ட் இல்லை. பேபி நன்றாகக் குனிந்து, முதுகில் இருந்த கையை இன்னும் கொஞ்சம் இறுக்கினாள்.

"கவனமாப் பிடிச்சுக்கொள்ளுங்கோ மச்சாள்," என்றாள். "இன்னும் பதினாலு நாள் கிடக்கு. தம்பி தனிய நிக்கிறார், வாங்கோ வீட்டை போவம்."

பழுதான காலை முதல் வைத்து, பக்கவாட்டாக, ஒவ்வொரு படியாக இறங்கத் தொடங்கினாள்.